வாடியா ஊட்டியில் இருந்ததும் பின்னி ஆலைத் தொழிலாளர்களை விட்டுப் போனதும்

ஊட்டியில் கல்லூரியில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்தியாவின் முதல் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்த பி. பி. வாடியா ஊட்டியில் சிறை இருந்தார் என்கிறார்களே, எங்கே? அவர் ஆலைத் தொழிலாளியா? சென்னைப் பின்னி ஆலைக்காரர்களைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார் என்று எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெரியவர் கோபமாகச் சொன்னார். அது உண்மையா?" மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தறியில் நின்றறியாத ஒருவர், மூன்று வருடம்கூட முழுதாக இல்லாமல் போனவர், அவரைத் தொழிலாளர் தலைவர் என்று சொல்வது நியாயமா? இருக்கட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. குன்னூரில் இருந்துகொண்டு தோட்டத் தொழிலாளர் வழக்குகளைப் பார்த்து வந்தவன். தோட்ட ஆய்வாளர் அலுவலகத்துக்கும் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் கட்டுகளைச் சுமந்தே தலை நரைத்தது. வாடியாவை நான் தெரிந்துகொண்டதும் அந்த வழியில்தான். நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சட்டப்பிரிவு எப்படி வந்தது என்று தேடிப் போனபோது அவரிடம் போய் நின்றேன். ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். அவருடைய பிரம்மஞான (தியாசபி என்ற ஆன்மிக இயக்க) ஈடுபாட்டை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை.

ஊட்டி விஷயம். அது சிறை இல்லை, வீட்டுக்காவலும் முழுதாக இல்லை. 1917 ஜூனில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு, பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட், அவருடைய சகாக்கள் ஜார்ஜ் அருண்டேல், வாடியா மூவர் மீதும் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கமும் பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையும்தான் காரணம். கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது, பேசக் கூடாது, எழுதி வெளியிடக் கூடாது, வருகிற போகிற கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட வேண்டும், அரசு குறிப்பிட்ட இடங்களில் ஒன்றில்தான் குடியிருக்க வேண்டும். அந்த இடங்களின் பட்டியலில் நீலகிரி, கோயம்புத்தூர், பெல்லாரி மாவட்டங்களோடு பழனி மலையும் சேர்வராயன் மலையும்கூட இருந்தன. மூவரும் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் கட்டிய 'குலிஸ்தான்' என்ற சபை வீடு இங்கே இருந்தது. அங்கேதான் தங்கினார்கள். பெசன்ட் அம்மையார் அந்த வீட்டில் ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். அது சென்னை மாகாண அரசு கோடைகாலத் தலைநகராக வைத்திருந்த ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். எந்த அரசு அவர்களை ஒதுக்கி வைத்ததோ, அதே அரசின் வாசலிலேயே கொடி பறந்தது.

ஜூன், ஜூலையில் ஊட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை, விடாத தூறல், உலராத துணி. பெசன்ட் அம்மையாருக்கு அப்போது 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மூவரும் கோயம்புத்தூருக்கு மாறினார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. சென்னையில் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். செப்டம்பரில் மூவரையும் விடுவித்தார்கள். ஆக, வாடியா இந்த மலையில் இருந்தது சில வாரங்கள்தான். இதுவரை சொன்னதில் ஐயம் கிடையாது.

ஐயத்துக்குரியது வேறு ஒன்று. ஊட்டியில் இருந்தபோது தோட்டத் தொழிலாளர்களின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வாடியா தொழிலாளர் பக்கம் திரும்பினார் என்று இங்கே சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் மலைக்கு ஒரு பெருமை. ஆனால் கூட்டத்தில் தலைகாட்டவே தடை உள்ள, கடிதம்கூடப் பிரித்துப் படிக்கப்படுகிற ஒருவர் எஸ்டேட் லைன்களுக்குள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்குள்) போய் கங்காணிகளைத் தாண்டிப் பேசியிருப்பார் என்பதை நான் நம்பவில்லை. அவர் பார்த்தாரோ இல்லையோ, அந்த வருடம் இந்த மலையில் நிலைமை என்ன என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். 1903ஆம் ஆண்டு சென்னை தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த கூலியாள் ஒப்பந்தம் முடியும் முன் எஸ்டேட்டை விட்டுப் போனால் அது குற்றம், பிடித்து ஜெயிலில் போடலாம். வேலையை விடுவது கடன் பாக்கி மாதிரியான சிவில் விஷயமாக இல்லாமல் போலீஸ் விஷயமாக இருந்தது. 1920களின் இறுதியில்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒப்பந்தத்தை மீறுவது என்ற இதே கயிற்றைத்தான் பிறகு சென்னையில் வாடியாவின் கழுத்தில் வேறு மாதிரி மாட்டினார்கள்.

இனி ஆள் யார் என்பது. பகமன் பெஸ்தன்ஜி வாடியா 1881இல் பம்பாயில் பிறந்த பார்சி. குடும்பத்துக்கு ஜவுளி வியாபாரம் உண்டு. அதாவது ஜவுளியோடு அவருக்கு உறவு இருந்தது, ஆனால் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து. இளவயதிலேயே பிரம்மஞான சபையில் சேர்ந்து, பிறகு அடையாறுக்கு வந்து, சபையின் பதிப்பகத்தையும் பெசன்ட் அம்மையாரின் பத்திரிகை வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் மேடை ஏறிப் பேச அவரால் முடியாது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை, அவர் ஒரு நாளும் ஆலைத் தொழிலாளியாக இருந்ததில்லை.

சங்கத்தின் விதையைப் போட்டதும் அவர் இல்லை. பெரம்பூரில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு பேர். ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பஜனையும் சொற்பொழிவும் கேட்கிற ஒரு சபையை நடத்தி வந்தார்கள். பக்கத்திலேயே பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் துணி ஆலைகள். சபைக்கு வருகிறவர்கள் சாமி பாட்டோடு வயிற்றுப் பாட்டையும் பேசினார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறார், கேட்டால் வேலை போகிறது, யுத்தத்தால் அரிசி விலை ஏறிவிட்டது, கூலி மட்டும் ஏறவில்லை. இந்த இருவரும்தான் 'நியூ இந்தியா' வட்டாரத்தைத் தேடிப் போய் வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் முறையாக உருவானது. வாடியா தலைவர். திரு.வி.க. அவருக்குத் துணையாக நின்றார். வாடியா ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. அதைத் தமிழாக்கிச் சொல்ல, ஆலை விட்டு வந்த கூட்டம் தரையில் உட்கார்ந்து கேட்டது. ஊட்டி ஆணை அவருக்கு நாடறிந்த பெயரைக் கொடுத்திருந்தது. அந்தப் பெயரால்தான் பெரம்பூர்க்காரர்கள் அவரிடம் வந்தார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"முதல் தொழிற்சங்கம்" என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. பம்பாயில் லோகண்டே 1880களிலேயே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி அரசுக்கு மனு கொடுத்தவர், வார விடுமுறைக்காகப் போராடியவர். அவரை மறந்துவிட்டு "முதல்" என்று சொல்வது சரியில்லை. ஆனால் அவருடைய அமைப்பில் உறுப்பினர் பட்டியல், சந்தா, விதிமுறைகள் கிடையாது. பெரம்பூரில் இவை எல்லாம் இருந்தன. பதிவேடும் சந்தாவும் உள்ள, தொடர்ந்து நடந்த சங்கம் என்ற பொருளில் முதல் என்று சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்வார்கள்.

வாடியா தீவிரவாதி இல்லை. இதை அவரைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் மறைத்துவிடுகிறார்கள். 1918இல் ஆலை ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்துகொண்டிருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் முதலாளி நஷ்டப்படுவது பற்றி எனக்குக் கவலை இல்லை, போர்முனையில் இருக்கிறவனுக்குத் துணி போகாமல் நின்றுவிடும் என்ற பொருள்பட அவர் தொழிலாளர்களைத் தடுத்துப் பேசியிருக்கிறார். இடதுசாரிகள் பிற்காலத்தில் இதைக் காட்டித்தான் அவரைக் குறை சொன்னார்கள். குறை நியாயம்தான். ஆனால் அவ்வளவு மிதமாக இருந்தவரையே கம்பெனி பொறுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1919இல் லண்டன் போய், இந்திய அரசுச் சட்ட மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அதே வருடம் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு என். எம். ஜோஷி இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனபோது வாடியா ஆலோசகராக உடன் இருந்தார்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுதான்.

1920 அக்டோபரில் பின்னி ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு ஆனது. மாதக்கணக்கில் நீண்டது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் செத்தார்கள். இடையில் கம்பெனி இன்னொரு வழியையும் பிடித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வாடியா மீதும் சங்கத்தைச் சேர்ந்த மற்றவர்கள் மீதும் சிவில் வழக்கு போட்டது. தொழிலாளி எங்களோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கிறான், அதை மீறும்படி இவர்கள் தூண்டினார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், இவர்கள் ஈடு கட்ட வேண்டும். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. சங்கத் தலைவர் சங்கத்துக்காகப் பேசினாலே நீதிமன்ற அவமதிப்பு என்கிற நிலை வந்தது.

இந்தச் சட்டக் கோட்பாடு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1853இல் லண்டனில் ஓர் அரங்க உரிமையாளர் இன்னொருவரோடு ஒப்பந்தம் செய்திருந்த ஒரு பாடகியைத் தன் மேடைக்கு இழுத்துக்கொண்டார். முதலாமவர் வழக்குப் போட, அடுத்தவன் ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதே தவறு என்று தீர்ப்பானது. பாடகிக்காகப் பிறந்த கோட்பாடு போகப் போக வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் மீது திரும்பியது. இங்கிலாந்தில் தொழிற்சங்கங்கள் போராடி 1906இலேயே ஒரு சட்டம் மூலம் அதிலிருந்து விடுபட்டுவிட்டன. அதாவது 1920இல் இதே வழக்கை மான்செஸ்டரில் ஒரு சங்கத் தலைவர் மீது போட்டிருந்தால் நின்றிருக்காது. சென்னையில் நின்றது. பிரிட்டிஷ் கம்பெனி, பிரிட்டிஷ் சட்டம், ஆனால் பிரிட்டனில் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு இங்கே இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி வழக்கைக் கைவிடும். அதற்கு விலை, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும். அவர் விலகினார். மூன்று மாதம் சம்பளம் இல்லாத வீடுகள், செத்துப்போன இரண்டு பேர், தலைக்கு மேல் தொங்கும் இழப்பீடு. இப்படி ஒரு நிலையில் ஒருவர் கையெழுத்துப் போட்டதை ஓடிப்போனது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை வெளியேற்றினார்கள். உங்கள் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த வழக்கு என்ன மாதிரி பயத்தைக் கிளப்பியிருக்கும் என்று நான் நேரிலேயே கொஞ்சம் பார்த்திருக்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கழிவை நிர்வாகம் கூட்டிவிட்டது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சில நாளில் சங்கச் செயலாளருக்கு வக்கீல் நோட்டீஸ். அவரும் கொழுந்து பறிக்கிற அம்மாதான். பறிக்காமல் விட்டதால் இலை முற்றி நஷ்டம் ஆகிவிட்டது, அதை நீங்கள் கட்ட வேண்டும் என்று பெரிய தொகை போட்டிருந்தார்கள். இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவுக்குள் மடித்து வைத்து, மழையில் ஓரம் நனைந்த அந்தக் காகிதத்தை என் மேஜையில் விரித்தார். "வீட்டை ஜப்தி பண்ணிருவாங்களா சார்?" என்று கேட்டார். அவர் குடியிருந்தது லைன் வீடு. அதுவே எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஜப்தி பண்ண ஒன்றுமே இல்லாதவரிடம் ஜப்தி பயம்.

"சங்கம் பதிவாகியிருக்கா, சர்ட்டிபிகேட் எங்கே?" என்று கேட்டேன். பத்திரமாக வைத்திருந்தார். அப்புறம் வேலை சுலபம். 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் காட்டிச் சின்னதாக ஒரு பதில் அனுப்பினேன். தொழில் தகராறை முன்னிட்டுச் செய்த ஒரு செயல், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி பிறரைத் தூண்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ சிவில் வழக்கு செல்லாது என்கிறது அந்தப் பிரிவு. அதற்குப் பிறகு இழப்பீட்டுப் பேச்சு வரவில்லை. எடைக் கழிவு விஷயம் சமரசப் பேச்சில் தீர்ந்தது.

அந்தப் பிரிவு வந்தது வாடியா வழக்கால்தான். சமரசம் ஆன கொஞ்ச நாளில், 1921 மார்ச்சில், என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சென்னையில் நடந்தது எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. இழுத்தடித்து 1926இல் சட்டம் நிறைவேறி, 1927 ஜூனில் அமலுக்கு வந்தது. கிரிமினல் சதி வழக்கிலிருந்து பாதுகாக்க 17ஆம் பிரிவு, சிவில் வழக்கிலிருந்து பாதுகாக்க 18ஆம் பிரிவு. இப்போது அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போய்விட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் பாதுகாப்பு தொடர்கிறது. அது எதற்கும் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிதடி, மிரட்டல், வழிமறிப்பு, பொருளை உடைப்பது இதற்கெல்லாம் அது உதவாது. பதிவாகாத சங்கத்துக்கும் உதவாது.

சரி, வாடியா முழுக்க முழுக்கப் பாதிக்கப்பட்டவர் மட்டும்தானா? இங்கே நான் கவனமாகப் பேசுகிறேன். அவர் நினைத்திருந்தால் 1926க்குப் பிறகு சங்க வேலைக்குத் திரும்பி வந்திருக்கலாம், சட்டம் அவர் பக்கம் இருந்தது. வரவில்லை. 1920லேயே பெசன்ட் அம்மையார் காந்தியின் ஒத்துழையாமையை எதிர்த்து நின்றார். திரு.வி.க.வும் பெரம்பூரும் காந்தி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஆகவே அவர் காலடியில் மண் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். 1922இல் அடையாறு சபையிலிருந்தும் விலகி, ஐக்கிய பிரம்மஞானிகள் அமைப்பில் சேர்ந்து அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை செய்தார். பெரியவர் சொன்ன அமெரிக்கா இதுதான். வேலைக்கோ பணத்துக்கோ போனதில்லை. அவருடைய மனம் கடைசிவரை ஆன்மிகத்தில்தான் இருந்தது, தொழிலாளர் பணி அதிலிருந்து கிளைத்த ஒன்று. 1929இல் மனைவி சோபியாவுடன் இந்தியா திரும்பி, பிற்காலத்தில் பெங்களூர் பசவனகுடியில் உலகப் பண்பாட்டு நிறுவனத்தை உண்டாக்கி, 1958இல் காலமானார்.

அவர் போன பிறகு பெரம்பூரில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. 1921 ஜூனில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மீண்டும் துப்பாக்கிச் சூடு, மீண்டும் உயிர்ச்சேதம். கம்பெனியும் அரசும் பிளவை வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிளவை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அது ஆலைக்குள் ஏற்கெனவே இருந்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா தம் மக்களை வேலைக்குத் திரும்பச் சொன்னதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள், சாதி இந்துத் தொழிலாளர்கள் அதற்கு முன் அவர்களைச் சங்கத்தில் எப்படி வைத்திருந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்பதில்லை. வாடியா இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் காலத்துச் சங்கமும் அந்த இடத்தைத் தொடாமல்தான் போனது. தோட்ட லைன்களில் யார் எந்த வரிசையில் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

கடைசியாக, தொழிலாளி அல்லாதவர் தலைவராக இருக்கலாமா என்பது. 1918இல் வேறு வழி இருக்கவில்லை. ஆலைக்குள் இருக்கிறவன் தலைவன் என்று எழுந்து நின்றால் மறுநாள் வேலை இருக்காது. வாடியாவை ஆலையிலிருந்து நீக்க முடியாது, அதுதான் அவருடைய பலம். ஆனால் அவரை மட்டும் குறிபார்த்து அகற்றினால் சங்கம் தலையில்லாமல் நிற்கும் என்பதும் அதே காரணத்தால்தான். 1926 சட்டம் இதை யோசித்து, நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்றது. 2001 திருத்தம் இன்னும் இறுக்கி, அமைப்பு சார்ந்த தொழில்களில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கூடாது என்றது. ஓய்வு பெற்றவர்களையும் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களையும் வெளியாளாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே உங்கள் எஸ்டேட் பெரியவர் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருந்தால், கோபப்படுவதோடு நிற்காமல் சங்கத்தில் ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.